டான்யூப் மிதிவண்டிப் பாதை

டான்யூப் மிதிவண்டிப் பாதை (ஜெர்மன் மொழியில் டோனாவ்ராட்வெக்) என்பது நடு ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கரைகளை ஒட்டிச் செல்லும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பாதையாகும். ஆற்றின் பெரும்பகுதியிலும் இத்தகைய பாதை உண்டெனினும், ஜெர்மனியின் பாசாவு நகருக்கும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 320 கி.மீ. நீளமுள்ள பகுதியே பலராலும் அறியப்பட்டது. இக்கட்டுரை அப்பகுதியைப் பற்றியது. அத்திலாந்திக் பெருங்கடற்கரையிலிருந்து கருங்கடல் வரை செல்லும் யூரோவெலோ 6 என்னும் பாதையின் ஒரு பகுதியாகவும் இது அமைந்துள்ளது.

தோற்றம்

மலைநாடு என்று பெயர்பெற்ற ஆஸ்திரியாவில் இவ்வளவு நீளமான, ஏற்றமில்லாத பாதை அமைந்தது தற்செயலன்று. இதன் பெரும்பகுதி மிதிவண்டிக்காகப் போடப்பட்டதே அல்ல, குதிரைகளுக்காகப் போடப்பட்டது. நீராவிக் கப்பல்களுக்கு முந்தைய காலத்தில், ஆற்றின் போக்கிலே செல்லும் படகுகள் நீரோட்டத்தால் தாமே சென்றன. ஆனால் எதிர்நீரில் சரக்கை ஏற்றிச்செல்ல, படகுகளை வடக்கயிற்றால் பிணைத்துக் கரையிலிருந்து இழுக்கவேண்டியிருந்தது. தொடக்கத்தில் மனிதர்களும் பின்னர் குதிரைகளும் இவ்வேலையைச் செய்தனர். பல படகுகள் சேர்ந்த ஒரு வரிசையை இழுக்கச் சில வேளைகளில் ஐம்பது, அறுபது குதிரைகள் தேவைப்பட்டன. அக்குதிரைகள் நடப்பதற்காக ஆற்றோரமாகவே அமைக்கப்பட்ட வழி 'டிரெப்பல்வெக்' எனப்பட்டது. பாரம் இழுக்கும் குதிரைக்குச் சமதளம் வேண்டும். மிதிவண்டிக்கும் அதுவே வேண்டும்.

டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் 1829-இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன்பின் நீராவிக் கப்பல்களும் தொடர்வண்டியும் பெருகவே, குதிரைகளின் தேவை படிப்படியாக மறைந்தது. இழுவழிகள் ஆற்றைப் பேணும் பணியாளர்களின் வழிகளாக எஞ்சின. இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நீர்மின் நிலையங்களின் கரைமேடுகளும் இவற்றோடு சேர்ந்தன. 1980-களில் இவ்வழிகள் மிதிவண்டி ஓட்டுவோருக்குப் பரவலாகத் திறந்துவிடப்பட்டு, வழிகாட்டிப் பலகைகளும் நடப்பட்டன. பிற நாடுகளில் பின்னர் உருவான பல ஆற்றங்கரைப் பாதைகளுக்கு இது முன்மாதிரியாகக் கருதப்படுகிறது.

பாதையின் போக்கு

பாசாவில் டான்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று ஆறுகள் கூடுகின்றன. சதுப்பு நிலங்களிலிருந்து வரும் இல்ஸின் நீர் கருமையாகவும், ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் ஆற்றின் நீர் வெளிர்பச்சையாகவும் இருப்பதால், கூடிய பின்னரும் சிறிது தொலைவுக்கு நிறங்கள் தனித்தனியே தெரியும். இங்கிருந்து வியன்னா வரை ஆறு 150 மீட்டருக்கும் குறைவாகவே இறங்குகிறது. எனவே இறக்கம் பயணிக்கு உணரத்தக்கதாக இராது. எனினும் மேற்குக் காற்று மிகுதியாக வீசுவதால், பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்காகவே செல்கின்றனர்.

பெரும்பாலான இடங்களில் இரு கரைகளிலும் பாதை உண்டு. பாலங்கள் தொலைவில் இருக்கும் இடங்களில் படகுகளும் நீர்மின் நிலைய அணைகளும் கரை மாற உதவுகின்றன. ஷ்லோகன் என்னுமிடத்தில் கடினமான பாறையைக் குடைந்து செல்லும் ஆறு, வந்த திசைக்கே திரும்புவதுபோல் இருமுறை வளைகிறது. அங்குள்ள செங்குத்தான காட்டுச் சரிவில் சாலைக்கு இடமில்லாமையால், மிதிவண்டிகளை ஏற்றிச்செல்லும் சிறு படகுகள் ஓடுகின்றன.

லின்ஸ் நகருக்குச் சற்று முன்னுள்ள ஒட்டன்ஸ்ஹைம் ஊரிலும், வாஹாவ் பள்ளத்தாக்கின் ஸ்பிட்ஸ், வைசன்கிர்ஹன் ஊர்களிலும் இயங்கும் கடவுப் படகுகளுக்கு இயந்திரம் வேண்டுவதில்லை. ஆற்றின் குறுக்கே உயரத்தில் கட்டப்பட்ட கம்பிவடத்தோடு படகு பிணைக்கப்பட்டிருக்கும். படகோட்டி படகை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பினால், நீரின் விசையே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. எதிர்ப்புறம் சாய்த்தால் அதே நீரோட்டம் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது. நின்ற நீரில் இப்படகு நகராது. ஆகவே ஆறு போதிய விசையோடு ஓடும் இடங்களில் மட்டுமே இதனைக் காணலாம்.

மவுத்தாவுசன்

லின்ஸுக்குக் கிழக்கே, வடகரையில் மவுத்தாவுசன் உள்ளது. ஆற்றோரத்தில் வண்ணம் தீட்டிய வீடுகளைக் கொண்ட பழைய சிற்றூர் இது. இதற்கு மேலே குன்றின்மீது, கருங்கல் சுரங்கத்தை அடுத்து, நாட்சி ஆட்சியாளர்கள் 1938-இல் ஒரு வதைமுகாமை நிறுவினர். இம்முகாமிலும் இதன் கிளை முகாம்களிலும் ஏறத்தாழ 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தனர். கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகள் இன்றும் உள்ளன. 1945 மே 5 அன்று அமெரிக்கப் படையினர் முகாமை விடுவித்தனர். தற்போது இது நினைவிடமாகவும் அருங்காட்சியகமாகவும் பேணப்படுகிறது.

நினைவிடம் ஆற்றங்கரையிலிருந்து தெரிவதில்லை. அங்குச் செல்லப் பாதையை விட்டு விலகிச் செங்குத்தாக ஏறவேண்டும். சமதளப் பாதை என்பதற்காகவே வரும் பயணிகள் பலர் இதனால் கடந்து சென்றுவிடுகின்றனர். இப்பாதையின் வரலாற்று ஊர்களை அறிய விரும்புவோர் தவிர்க்கக்கூடாத இடம் இதுவே.

எதிர்க்கரைக்கு அருகிலுள்ள என்ஸ், 1212-இல் நகர உரிமை பெற்றது. ஆஸ்திரியாவின் மிகப் பழைய நகரமாகச் சொல்லப்படுவது. உரோமர் காலத்தில் இங்கு லவுரியாகம் என்னும் படைமுகாம் இருந்தது. டான்யூப் அக்காலத்தில் உரோமப் பேரரசின் வட எல்லை. அவ்வெல்லையின் மேற்குப் பகுதி 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கிரைன் நகரை அடுத்த குறுகிய பள்ளத்தாக்கு, பாறைகளாலும் நீர்ச்சுழிகளாலும் படகோட்டிகளை அஞ்சவைத்த இடமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிப் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கீழே இப்ஸ்-பெர்சன்பாய்க் நீர்மின் நிலையம் 1959-இல் முடிக்கப்பட்டபின் நீர்மட்டம் உயர்ந்து, இன்று அப்பகுதி ஏரிபோல் அமைதியாக உள்ளது. 1791-இல் தொடங்கப்பட்ட சிறு நாடக அரங்கு ஒன்றும் கிரைனில் உண்டு.

வாஹாவ் பள்ளத்தாக்கு

மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள சுமார் 35 கி.மீ. நீளப் பள்ளத்தாக்கு வாஹாவ் எனப்படும். இது 2000-இல் உலக மரபுச் சின்னமானது. இதன் தொடக்கத்தில் உள்ள மெல்க் மடம் 1089-இல் நிறுவப்பட்டது; இன்றுள்ள மஞ்சள் நிறப் பரோக் கட்டடம் யாக்கோப் பிராண்ட்டாவர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1702-இல் தொடங்கப்பட்டது. சரிவுகளில் சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள் படிப்படியாக எழுகின்றன. அவற்றிடையே திராட்சை விளைகிறது. தாழ்நிலத்தில் சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) தோட்டங்கள். ஏப்ரலை ஒட்டி இவை பூக்கும்போதும் சூலையில் பழுக்கும்போதும் பயணிகள் மிகுதியாக வருகின்றனர்.

வடகரையிலுள்ள வில்லன்டோர்ஃப் என்னும் சிற்றூரில் 1908-இல், தொடர்வண்டிப் பாதை அமைக்கும் பணியை ஒட்டிய அகழ்வில், 11 செ.மீ. உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண்ணுருவம் கிடைத்தது. சுமார் 30,000 ஆண்டுப் பழமையுடைய 'வில்லன்டோர்ஃப் வீனஸ்' இதுவே. மூலச் சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

டூர்ன்ஸ்டைன் ஊரின் மேலுள்ள கோட்டையில், சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் சிறைவைக்கப்பட்டார். 1192 திசம்பரில் வியன்னா அருகே அவரைப் பிடித்தவர் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட். பெருந்தொகை மீட்புப் பணமாகப் பெறப்பட்ட பின்னரே 1194-இல் மன்னர் விடுதலையானார். பாடகன் ஒருவன் கோட்டைதோறும் பாடிச்சென்று அவரைக் கண்டுபிடித்தான் என்பது பிற்காலக் கதை. கோட்டை 1645-இல் சுவீடன் படையினரால் தகர்க்கப்பட்டது.

இப்பள்ளத்தாக்கு இன்றுள்ளவாறு எஞ்சியதற்கு உள்ளூர் மக்களே காரணம். ஆஸ்திரிய டான்யூபில், ஜெர்மன் எல்லையிலுள்ள நிலையத்தையும் சேர்த்துப் பத்து நீர்மின் நிலையங்கள் உள்ளன. வாஹாவிலும் ஒன்று கட்டத் திட்டமிடப்பட்டபோது மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே ஆஸ்திரியாவில் டான்யூப் தடையின்றி ஓடும் இரு பகுதிகளுள் ஒன்றாக இது விளங்குகிறது. மற்றொன்று வியன்னாவுக்குக் கிழக்கே உள்ளது. அங்கு ஹைன்பூர்க் அருகே அணை கட்டும் முயற்சியை 1984 திசம்பரில் மக்கள் காட்டில் முகாமிட்டுத் தடுத்தனர். 1996-இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

கிரெம்ஸ் முதல் வியன்னா வரை

கிரெம்ஸுக்குப் பின் நிலம் சமவெளியாக விரிகிறது, காட்சிகள் குறைவு. தென்கரையில் ட்ஸ்வென்டன்டோர்ஃப் அணுமின் நிலையம் உள்ளது. கட்டி முடிக்கப்பட்டும், 1978 நவம்பர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.47 விழுக்காட்டினர் எதிர்த்ததால் ஒருநாளும் இயக்கப்படவில்லை. ஓவியர் ஈகோன் ஷீல பிறந்த துல்ன், 1114-இல் நிறுவப்பட்ட மடத்தையுடைய குளோஸ்டர்நொய்பூர்க் ஆகிய ஊர்களைக் கடந்து பாதை வியன்னாவை அடைகிறது.

பயணமும் வெள்ளமும்

நாளொன்றுக்கு 40 முதல் 60 கி.மீ. வரை செல்வோர் ஆறு முதல் எட்டு நாட்களில் பயணத்தை முடிக்கின்றனர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். குளிர்காலத்தில் கடவுப் படகுகள் பலவும் விடுதிகள் சிலவும் இயங்குவதில்லை. பயண மூட்டைகளை விடுதிக்கு விடுதி கொண்டுசேர்க்கும் ஏற்பாடும், மிதிவண்டியோடு தொடர்வண்டியில் திரும்பும் வசதியும் உண்டு.

ஆற்றோரமாகவே செல்வதால் வெள்ளக் காலத்தில் முதலில் மூழ்குவது இப்பாதையே. 2002, 2013 ஆண்டுகளில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2013 சூனில் பாசாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரை எட்டியது. ஐந்நூறு ஆண்டுகளில் கண்டிராத உயரம் இது. வாஹாவ் ஊர்கள் சிலவற்றில் வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் நிறுத்தப்படும் கழற்றக்கூடிய உலோகச் சுவர்கள் உள்ளன. பழைய வீடுகளின் சுவரில் வெள்ளம் ஏறிய உயரமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருப்பதைப் பாதையிலிருந்தே காணலாம்.