ஒலிக்கு உரியவர் யார்?

1933ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் வானொலியிலே ஒரு பெண் குரல் எழுந்தது. நாடு முழுதும் கேட்கும் ஒலிபரப்பில் அறிவிப்பாளராக அமர்ந்த முதற் பெண்மணி அவர். மக்களுக்கு அவர் அறிமுகப்படுத்தப்பட்ட பெயர், 'திருமதி ஜைல்ஸ் பாரட்'. ஜைல்ஸ் என்பது அவருடைய கணவரின் பெயர்! அம்மையாரின் சொந்தப் பெயர் ஷீலா. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லலாகாது என்று இங்கே வைத்தார்கள். கணவன் பெயரைத் தவிர மனைவிக்கு வேறு பெயர் எதற்கு என்று அங்கே வைத்தார்கள்.

அந்தப் பெயரையாவது பொறுத்தார்களா? கண்டனக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. எழுதியவர்களிலே பெண்களே மிகுதி என்பது வேதனைக்குரியது, எனினும் வியப்புக்குரியதன்று. அடிமைத்தனத்தை அணிகலனாக எண்ணும்படி பழக்கப்பட்டவர்கள் வேறு எப்படி எழுதுவர்? சில திங்களிலேயே அந்தக் குரல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான், மணமான பெண்களுக்குச் சில விதிவிலக்குகள் நீங்கலாகப் பணியில்லை என்று பி.பி.சி. விதி வகுத்திருந்தது. அந்த விதி மறைந்தது 1944இல்.

குரலைத்தான் தடுத்தார்கள். கருவியின் பக்கம் பெண் வந்து நிற்பாள் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. போர் மூண்டது, ஆடவர் களத்துக்குச் சென்றனர், விசைகளைத் திருப்ப ஆள் வேண்டியிருந்தது. இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, இருபது வயதும் நிரம்பாத டாப்னி ஓரம் பி.பி.சி.யில் நுழைந்தார். இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகள் நேரடியாக ஒலிபரப்பாகும். வான்தாக்குதலால் இசை நின்றுவிட்டால் என்ன செய்வது? மேடையிலே வாத்தியங்கள் முழங்கும் அதே நேரத்தில், மறைவாக அமர்ந்திருக்கும் ஓரம் அதே இசையின் தட்டுகளைச் சுழலவிட்டு, மேடையோடு ஒட்டி நடத்திக்கொண்டே இருப்பார். மேடை ஓய்ந்தால் தட்டு பேசும். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது.

உயிருள்ள இசையும் தட்டில் பதிந்த இசையும் இணைந்து ஓடுவதை நாள்தோறும் கண்டவருக்கு ஒரு புதிய எண்ணம் பிறந்தது. இரண்டையும் ஒரே படைப்பில் மோதவிட்டால் என்ன? 1949 அளவில், இரண்டு இசைக்குழுக்கள், ஐந்து ஒலிவாங்கிகள், சுழலும் இசைத்தட்டுகள் ஆகியவற்றுக்காக 'ஸ்டில் பாயிண்ட்' என்னும் படைப்பை எழுதினார். மின்கருவியால் இசையை அந்தக் கணமே மாற்றியமைக்கும் முயற்சி உலகுக்கே புதிது. நிறுவனம் ஏற்கவில்லை. ஏடு பெட்டிக்குள் போயிற்று.

அவர் சோர்ந்தாரில்லை. பணி முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபின், பல அறைகளில் கிடந்த ஒலிப்பதிவுக் கருவிகளை ஓரிடத்துக்கு உருட்டி வந்து, இரவெல்லாம் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி ஆராய்வார்; விடியுமுன் அவற்றைப் பழைய இடங்களில் சேர்த்துவிடுவார். பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, 1958 ஏப்ரல் முதல் நாள், மைடா வேல் என்ற இடத்தில் வானொலிக்கென ஓர் ஒலிப் பட்டறை திறக்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் ஓரம் ஒருவர். அறை எண் 13! அந்த எண்ணைக் கண்டால் அஞ்சுவோர் மேல்நாட்டில் இன்றும் உண்டு; திறந்த நாளோ முட்டாள்கள் நாள். நாளும் எண்ணும் பார்க்கும் நண்பர்கள் கவனிக்க: பட்டறை 40 ஆண்டுகள் ஓடிற்று.

ஆனால், அங்கே பிறந்ததை 'இசை' என்று அழைக்க மேலிடம் இசையவில்லை. அது 'சிறப்பொலி'யாம், நாடகத்துக்குத் துணைநிற்கும் பண்டமாம். செய்தவர் பெயர் வாராது. பட்டறையின் பெயரே வரும். ஓராண்டுக்குள் ஓரம் அந்தப் பணியைத் துறந்து வெளியேறினார். கென்ட் மாவட்டத்தில் ஒரு பழைய கட்டடத்தைப் பணிக்கூடமாக்கி, திரைப்படச் சுருளின்மீது கோடு வரைந்தால் அது ஒளிமின்கலத்தின் வழியே ஒலியாகும் பொறியொன்றைச் சமைத்தார். 1972இல் நூலும் எழுதினார். மனிதனையும் மின்சுற்றையும் ஒப்பிட்டு அவர் அதில் மறைபொருள் பேசும் பக்கங்களை நாம் ஏற்க வேண்டுவதில்லை; பொறி ஏற்கத்தக்கது.

பெயர் மறைப்பு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு சான்று. பட்டறையில் பணியாற்றிய மடலேனா ஃபகாண்டினி, நிகழ்ச்சிகளின் இடைவேளைக்காக ஓர் ஒலிக்கோவை அமைத்தார். பின்னாளில் பீட்டில்ஸ் குழுவால் புகழ்பெற்ற ஜார்ஜ் மார்ட்டின் அதன்மேல் வாத்தியங்களைச் சேர்த்து 1962இல் இசைத்தட்டாக வெளியிட்டார். தட்டின்மேல் அச்சிடப்பட்ட பெயர் 'ரே கேதோட்'. அப்படி ஓர் ஆளே இல்லை! இருக்கும் பெண்ணின் பெயருக்கு இடமில்லை. இல்லாத ஆணின் பெயருக்கு இடமிருந்தது.

அதே 1962இல் பட்டறைக்கு வந்தவர் டெலியா டெர்பிஷயர். கோவென்ட்ரி நகரத்துப் பாட்டாளிக் குடும்பத்துப் பெண். சிறுமியாக இருந்தபோது நகரத்தின்மீது குண்டுமழை பெய்தது. அபாயச் சங்கொலியே தமக்கு முதல் மின்னிசை என்று பிற்காலத்தில் அவர் கூறினார். கேம்பிரிட்ஜில் கணக்கும் இசையும் கற்றுத் தேர்ந்து, 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்திடம் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்பது பதில். பட்டத்தைப் பார்த்தார்களா? பாலைப் பார்த்தார்கள்.

1964 ஜனவரியில் 'தி டிரீம்ஸ்' என்ற நிகழ்ச்சி மூன்றாம் அலைவரிசையில் ஒலித்தது. நாடக ஆசிரியர் பாரி பெர்மாஞ்ச், பொதுமக்கள் தாம் கண்ட கனவுகளைச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். துரத்தப்பட்டு ஓடுவது, விழுந்துகொண்டே இருப்பது, நீருக்கடியில் மூழ்குவது. அந்தக் குரல்களுக்குக் கீழே டெலியாவின் மின்னொலி, இருண்ட நீரோட்டம்போல ஓடுகிறது. கதையில்லை, பாத்திரமில்லை, பாட்டுமில்லை. கனவுக்குப் பலன் சொல்லும் வேலையும் இல்லை. அச்சத்தை அச்சமாகவே நம் செவியில் வைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் 'அமோர் டேயி'. கடவுள் என்பது என்ன என்று சாதாரண மக்களைக் கேட்டு, நம்புவோர் குரலையும் நம்பாதார் குரலையும் கோத்தார்கள். மாதாகோயில் மணம் கமழும் நாட்டிலே, நாத்திகனின் தயக்கமற்ற பேச்சும் வானொலிக் கலையாயிற்று! பெர்மாஞ்சின் பெயர் வெளிவந்தது. டெலியாவுக்கு வழக்கம்போல் பட்டறையின் பெயர்தான்.

இவற்றிலே பெண்ணுரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று தோழர் சிலர் கேட்கலாம். உண்மை, அவர்கள் கொடி பிடித்தாரில்லை. ஆனால் வானொலியில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது எது? பிறர் எழுதியதைப் படிக்கும் இனிய குரல்; அதுவும் 1933இல் மறுக்கப்பட்டது. எந்த ஒலி கேட்க வேண்டும், எது கேட்கக்கூடாது, எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் பெண் அமர்ந்தது இந்தப் பட்டறையிலேதான். அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்றவர்கள், கணக்குப் போட்டு ஒலியைச் செதுக்கும் பெண்ணுக்குப் பெயரெதற்கு என்றார்கள். உழைப்பு வேண்டும், உரிமை வேண்டாம் என்ற பழைய சட்டம், புதிய கருவிக்கும் பொருந்தும்படி திருத்தப்பட்டது.

1963 நவம்பரில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை உலகறிந்தது. மெட்டு ரான் கிரெய்னருடையது. அதைச் சுரம் சுரமாகப் பதிந்து, நாடாவை அளந்து வெட்டி, ஒட்டி, பல கருவிகளை ஒருசேர ஓடவிட்டு உருவாக்கியவர் டெலியா. கேட்ட கிரெய்னர், 'இதை எழுதியது நானா?' என்று வியந்ததாகவும், 'பெரும்பகுதி நீங்கள்தான்' என்று டெலியா மறுமொழி சொன்னதாகவும் கூறுவர். அவரையும் ஆக்கியோராகச் சேர்க்கக் கிரெய்னர் விரும்பினார். நிறுவனம் மறுத்தது. 1973இல் டெலியா அங்கிருந்து விலகினார். 2001இல் மறைந்தார். அவர் வீட்டில் கிடைத்தவை 267 ஒலிநாடாக்கள்.

ஓரம் 2003இல் மறைந்தார். 'ஸ்டில் பாயிண்ட்' 2016இல்தான் மேடை ஏறியது. 2018இல், போர்க்காலத்தில் அவர் மறைந்தமர்ந்து தட்டுச் சுழற்றிய ஆல்பர்ட் மண்டபத்திலேயே ஒலித்தது. டெலியாவின் பெயர் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் திரையில் முதன்முதல் தோன்றியது 2013இல். தொடர் தொடங்கி அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்து 12 ஆண்டுகள்.