கஞ்சமலை இரும்பும் நாட்டுத் துப்பாக்கியும்

2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்த போலீசார், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளைஞர்களை மடக்கினார்கள். அவர்களிடம் கைத்துப்பாக்கிகள் இருந்தன. யூடியூப் காணொலிகளைப் பார்த்து, வாடகை வீட்டில் வைத்தே துப்பாக்கி செய்யப் பழகினார்கள் என்று போலீசார் தெரிவித்தனர். வழக்கு பிறகு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாறியது. செய்தி சேலத்தை உலுக்கியது. ஆனால் இரும்பு வேலையில் இந்தச் சமவெளிக்கு இருக்கும் பழக்கம் நெடுநாளையது. ஆயுதத் தொழில் அதன் ஒரு கிளை.

அந்தக் கதை கஞ்சமலையில் தொடங்குகிறது. சேலத்தை ஒட்டிய அந்த மலையின் காந்த இரும்புக்கல் மழையில் அரிக்கப்பட்டு, ஓடைகளில் கருமணலாகப் படியும். அதை அலசி எடுத்து, மண் உலையில் கரியோடு மாற்றி மாற்றிக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தார்கள். அதை எஃகாக்கும் முறை இன்னும் நுட்பமானது. சிறு மண் மூசையில் இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை வைத்து, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். சென்னை அரசுப் பணியை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர் அவர். சேலம் இரும்புக்கல்லை நம்பித்தான் அந்த ஆலை எழுந்தது.

துப்பாக்கிக்குக் குழலும் வேண்டும், விசைவில்லும் வேண்டும். ஒன்றுக்கு நெகிழ்ந்து கொடுக்கும் இரும்பு, மற்றொன்றுக்கு உறுதியான எஃகு. இரண்டையும் கையாளத் தெரிந்த கொல்லர்கள் இருந்த இந்தச் சீமை, 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெங்களூரிலும் துப்பாக்கிப் பட்டறைகள் நடத்தினார். சங்ககிரிக் கோட்டை அவருடைய படைத்தளங்களில் ஒன்று. பின்னர் அது கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. கும்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டது அங்கேதான்.

ஆயுதத்தைப் பறிக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878 ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டில் கரி சுடுவதும் கடினமாயிற்று. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியது. நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பிகாரின் முங்கேரில் நடந்தது வேறு. வங்காள நவாப் மீர் காசிம் 1760-களில் வளர்த்த துப்பாக்கித் தொழில் அங்கே உரிமம் பெற்ற பட்டறைகளாக நிலைத்தது. சேலத்துக் கொல்லர்களுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது மலைகளில். கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை ஊர்களில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, காட்டுப்பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்கும் கருவியாகப் புழங்கியது, வேட்டைக்கும் போனது. தப்பிப் பாய்ந்த குண்டு ஆளைச் சாய்த்ததும் உண்டு. உரிமமின்றி ஆயுதம் செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தம் அதற்கான தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் மலையூர்களில் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். ஊர்ப் பொது இடத்தில் யாரும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

பட்டறையில் துருத்தி ஊதி, சம்மட்டி அடித்து, இரும்பின் நிறம் பார்த்துச் சூடு அறியப் பழகிய பிள்ளைக்கு, தவறினால் தடுக்க ஒரு ஆசான் பக்கத்தில் இருந்தார். செய்த பொருளுக்கு ஊரில் பதில் சொல்லும் பொறுப்பும் அவருடையது. ஓமலூர் இளைஞர்களைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்துக் கற்பதில் இந்த இரண்டுமே கிடையாது. வெடிக்கும் கருவியில் அந்தக் குறை உயிரைக் கேட்கும்.

முறையாகக் கற்க இடங்கள் இருக்கின்றன. திருச்சியில் 1966 முதல் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. 'திருச்சி ரைபிள்' அங்கே தயாராகிறது. 2019-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒரு மையம். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடும் அருகிலேயே உள்ளன. அங்கே வெல்டிங்கிலும் கடைசலிலும் கை தேர்ந்த இளைஞர்களுக்கு இந்த வழித்தடத்தில் பயிற்சியும் வேலையும் கிடைக்க வேண்டும். ஒரு காலத்தில் கஞ்சமலைக் கொல்லர்களுக்குத் திறக்காத கதவு அது. அவர்கள் வழிவந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடும் கடமை அரசுக்கு இருக்கிறது.