இந்திய அரசியலமைப்பின் முதலாம் திருத்தம்

இந்திய அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் என்பது, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினேழு மாதங்கள் நிறைவதற்குள், 1951 ஜூன் 18 முதல் அதில் செய்யப்பட்ட முதல் மாற்றம் ஆகும். இதற்குக் காரணமான வழக்குகளுள் முதன்மையான இரண்டு, சென்னை மாநில அரசின் ஆணைகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்டவை. அப்போது (1949-1952) முதலமைச்சராக இருந்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா ஆவார்.

பின்னணி

சென்னை மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி ஆணைப்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என ஒதுக்கப்பட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1950-இல் இவ்வாணை செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று அதனை உறுதி செய்தது. அரசின் வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளை மீற இயலாது என்பது தீர்ப்பின் சாரம். வகுப்புரிமையைக் காக்கக் கோரிப் பெரியார் ஈ. வெ. இராமசாமி கிளர்ச்சி நடத்தினார்.

மும்பையில் வெளியான 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் (1950) உச்ச நீதிமன்றம் நீக்கியது. பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951-இல் செல்லாததாக்கியது.

திருத்தத்தின் கூறுகள்

* பிரிவு 15(4): சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடுகள் செய்யலாம்.
* பிரிவு 19(2): பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகப் பேச்சுரிமைக்கு "நியாயமான" கட்டுப்பாடுகள் விதிக்கலாம்.
* பிரிவுகள் 31அ, 31ஆ மற்றும் ஒன்பதாம் அட்டவணை: நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பாதுகாப்பு. தொடக்கத்தில் அட்டவணையில் 13 சட்டங்கள் இடம்பெற்றன.

எழுந்த சிக்கல்கள்

ஒரே திருத்தம் இட ஒதுக்கீட்டிற்கு வழி திறந்தது; பேச்சுரிமையைக் குறுக்கவும் செய்தது. எனவே ஒன்றை வரவேற்றோர் மற்றொன்றை எதிர்க்கும் நிலை உண்டானது. மேலும், இதனை நிறைவேற்றியது மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாத இடைக்கால நாடாளுமன்றம். சியாமா பிரசாத் முகர்ஜி முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். எனினும் சங்கரி பிரசாத் வழக்கில் (1951) உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. முதல் பொதுத் தேர்தல் அதன் பின்னரே நடைபெற்றது. அத்தேர்தலில் குமாரசுவாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல்வியுற்றார்.

பின்விளைவுகள்

நாடாளுமன்றம் எந்த அளவிற்கு அரசியலமைப்பை மாற்றலாம் என்ற கேள்விக்கு, 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் விடை கிடைத்தது. திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்பதே அவ்விடை. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் 76-ஆம் திருத்தத்தின் மூலம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அவ்வட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.