'அவர் பார்க்க எப்படி இருப்பார்?' - ஆங்கிலத்தில் ஒருவரின் தோற்றத்தை விவரிப்பது எப்படி?

வயதான அம்மாவுடன் தேக்கா சந்தைக்குப் போகிறீர்கள். காய்கறிக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். உதவிக்கு வரும் பாதுகாவல் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி: 'வாட் டஸ் ஷி லுக் லைக்?'

தமிழில் கேட்டிருந்தால் படபடவென்று சொல்லிவிடுவோம். "கொஞ்சம் பூசினாப்ல இருப்பாங்க, மாநிறம், கொண்டை போட்டிருப்பாங்க, கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும்." ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றால் "ஓல்ட் லேடி, இண்டியன், வேரிங் சாரி" என்பதோடு பலருக்கும் வார்த்தை நின்றுவிடுகிறது. தேக்காவில் அந்த அடையாளத்துக்கு எத்தனை பேர் பொருந்துவார்கள்? யோசித்துப் பாருங்கள்.

தோற்றத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யார் பார்த்தாலும் ஒத்துக்கொள்ளும் விவரம். உயரம், முடி, மச்சம், கண்ணாடி போன்றவை. இன்னொன்று, பார்ப்பவரின் அபிப்பிராயம். அழகு, குண்டு, கம்பீரம் போன்றவை. ஓர் ஆளைத் தேடும்போது உதவுவது முதல் வகைதான்.

அவசர நேரத்தில் கைகொடுக்கும் சொற்களையும், நாம் அடிக்கடி தடுமாறும் இடங்களையும் பார்ப்போம்.

கேள்வி என்ன கேட்கிறது?

நான்கு கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். பதில்கள் வேறு.

- 'வாட் டஸ் ஹி லுக் லைக்?' - அவர் பார்க்க எப்படி இருப்பார்? தோற்றத்தைச் சொல்ல வேண்டும்.
- 'வாட் இஸ் ஹி லைக்?' - அவர் எப்படிப்பட்டவர்? குணத்தைச் சொல்ல வேண்டும்.
- 'ஹவ் டஸ் ஹி லுக்?' - இப்போது எப்படித் தெரிகிறார்? களைப்பாகவா, நலமாகவா என்று சொல்ல வேண்டும்.
- 'ஹூ டஸ் ஹி லுக் லைக்?' - யார் சாயலில் இருக்கிறார்? அப்பா சாயலா, அம்மா சாயலா என்று சொல்ல வேண்டும்.

நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் 'ஹவ் டஸ் ஹி லுக் லைக்?' இலக்கணப்படி தவறு. 'ஹவ்' வந்தால் 'லைக்' தேவையில்லை. 'லைக்' வேண்டும் என்றால் 'வாட்' என்று தொடங்குங்கள்.

இஸ், ஹேஸ், வேர்ஸ்

இந்த மூன்று வினைச்சொற்கள் இருந்தாலே பெரும்பாலான விவரங்களைச் சொல்லிவிடலாம்.

'இஸ்' ஆளின் பொதுவான தன்மைக்கு: 'ஹி இஸ் டால்.' 'ஹேஸ்' உடலின் ஒரு பகுதிக்கு: 'ஹி ஹேஸ் கர்லி ஹேர்.' 'வேர்ஸ்' அணியும் பொருளுக்கு: 'ஹி வேர்ஸ் கிளாசஸ்.'

தமிழில் 'தாடி வச்சிருக்கார்' என்கிறோம். அதை அப்படியே மாற்றி 'ஹி இஸ் ஹேவிங் எ பியர்ட்' என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. 'ஹி ஹேஸ் எ பியர்ட்' என்றால் போதும்.

'வேர்ஸ்' வழக்கமாக அணிவதைக் குறிக்கும். 'இஸ் வேரிங்' இந்த நேரத்தில் அணிந்திருப்பதைக் குறிக்கும். காணாமற்போனவரைப் பற்றிச் சொல்லும்போது 'வாஸ் வேரிங்' என்பீர்கள். கடைசியாகப் பார்த்தபோது அணிந்திருந்தது என்று பொருள்.

உயரமும் உடல்வாகும்

மனிதர்களுக்கு 'டால்', 'ஷார்ட்' என்ற சொற்கள்தான். 'ஹை', 'லாங்' பொருந்தாது. நடுத்தர உயரம் என்றால் 'ஆஃப் மீடியம் ஹைட்'. முடிந்தால் எண்ணாகவே சொல்லுங்கள். சிங்கப்பூரில் மீட்டர் கணக்கு எல்லாருக்கும் பழக்கம். 'அபவுட் 1.6 மீட்டர்ஸ் டால்' என்றால் குழப்பமே இல்லை. சரியான உயரம் தெரியாதா? உங்கள் உயரத்தோடு ஒப்பிடுங்கள். 'எ லிட்டில் ஷார்ட்டர் தேன் மீ' என்பதும் நல்ல விவரம்தான்.

உடல்வாகுக்கு ஆங்கிலத்தில் 'பில்ட்' என்பார்கள். 'ஸ்மால் பில்ட்', 'மீடியம் பில்ட்', 'லார்ஜ் பில்ட்' என மூன்றாகப் பிரித்துக்கொண்டால் யாரையும் புண்படுத்தாது. 'மீடியம் பில்ட்' என்பதை இங்கே பலர் 'மீடியம் பில்ட்டட்', 'மீடியம் சைஸ் பாடி' என்றெல்லாம் சொல்கிறார்கள். 'ஹி இஸ் ஆஃப் மீடியம் பில்ட்' என்பதே சரி.

ஒல்லி என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள். அவற்றின் தொனி வேறு வேறு. 'ஸ்லிம்' பாராட்டு. 'தின்' நடுநிலை. 'ஸ்கின்னி' பெரும்பாலும் 'எலும்பும் தோலுமா இருக்கார்' என்கிற குறை. 'லீன்' என்றால் கொழுப்பில்லாத, உறுதியான உடம்பு.

மறுபக்கமும் அப்படித்தான். 'ஃபேட்' நேரடியாகக் குத்தும். 'பிளம்ப்' நம்முடைய 'பூசினாப்ல' என்பதற்கு நெருங்கி வரும். 'சப்பி' குழந்தைகளுக்குப் பொருந்தும். பெரியவர்களிடம் சொன்னால் கேலியாகலாம். 'வெல்-பில்ட்' என்றால் குண்டு அல்ல, கட்டுமஸ்தான உடம்பு.

நிறத்தைச் சொல்லும்போது

தமிழில் 'செவப்பா இருப்பார்' என்றால் ஆங்கிலத்தில் 'ரெட்' அல்ல, 'ஃபேர்'. 'பேல்' என்று சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் வெளிறிப் போயிருப்பதைக் குறிக்கும்.

மாநிறத்துக்கு இந்திய ஆங்கிலத்தில் 'வீட்டிஷ்', அதாவது கோதுமை நிறம், என்று ஒரு சொல் உண்டு. திருமண விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவுக்கு வெளியே பலருக்கும் அது புரியாது. 'லைட் பிரவுன் ஸ்கின்' அல்லது 'மீடியம் காம்ப்ளெக்ஷன்' என்றால் புரியும்.

கறுப்பு நிறத்துக்கு 'டார்க்-ஸ்கின்ட்' என்று முழுதாகச் சொல்வது நல்லது. வெறுமனே 'ஹி இஸ் டார்க்' என்றால், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கறுப்பு முடிக்காரர் என்றும் பொருள் கொள்வார்கள்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும்; பார்ப்பவருக்கு ஏற்பவும் மாறும். ஒருவருக்கு மாநிறம், இன்னொருவருக்குக் கறுப்பு. அதனால் நிறத்தை மட்டும் நம்பி ஆளைத் தேட முடியாது.

முடி, தாடி, மீசை

'ஹேர்' என்பது தலைமுடி மொத்தத்தையும் குறிக்கும். 'ஹேர்ஸ்' என்றால் தனித்தனி முடிகள். சாப்பாட்டில் முடி கிடந்தால் 'ஹேர்ஸ்' என்று சொல்லலாம். தலையில் இருப்பதற்குச் சொல்லக்கூடாது.

விவரிக்கும் வரிசை: நீளம், அமைப்பு, நிறம். 'லாங் கர்லி பிளாக் ஹேர்' இயல்பாக ஒலிக்கும். 'பிளாக் கர்லி லாங் ஹேர்' காதுக்கு இடறும்.

- நேரான முடி 'ஸ்ட்ரெய்ட்', அலையலையான முடி 'வேவி', சுருட்டை முடி 'கர்லி'.
- கொண்டை 'பன்', பின்னல் 'பிளாட்' அல்லது 'பிரெய்ட்', குதிரைவால் 'போனிடெயில்'.
- நரைமுடி 'கிரே ஹேர்'. முழுக்க வெளுத்திருந்தால் மட்டும் 'ஒயிட்'. பாதி நரை 'சால்ட் அண்ட் பெப்பர்'.
- வழுக்கை 'பால்ட்'. நெற்றி மட்டும் ஏறியிருந்தால் 'ரிசீடிங் ஹேர்லைன்'. உச்சியில் மட்டும் என்றால் 'பால்ட் பேட்ச்'.
- வேண்டுதலுக்காகப் போட்ட மொட்டை 'ஷேவன் ஹெட்'. இங்கே பேச்சுவழக்கில் 'போத்தாக்' என்போம். அது மலாய்ச் சொல். ஆங்கிலத்தில் புகார் கொடுக்கும்போது தவிர்க்கலாம்.

தாடி 'பியர்ட்', மீசை 'மஸ்டாஷ்'. இரண்டு மூன்று நாள் மழிக்காத குறுந்தாடி 'ஸ்டபிள்'. மோவாயில் மட்டும் வைத்திருப்பது 'கோட்டீ'. சுத்தமாக மழித்திருந்தால் 'கிளீன்-ஷேவன்'.

அங்க அடையாளங்கள்

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதியது நினைவிருக்கும். 'எ மோல் ஆன் த லெஃப்ட் சீக்' என்ற அந்த வரி, ஆளை அடையாளம் காண இன்றும் நல்ல வழி. சட்டையை மாற்றலாம். மச்சத்தை மாற்ற முடியாது.

மச்சம் 'மோல்'. பிறவியிலேயே இருக்கும் தழும்பு போன்ற அடையாளம் 'பர்த்மார்க்'. காயம் ஆறிய தழும்பு 'ஸ்கார்'. அம்மைத் தழும்பு 'பாக்மார்க்'. கன்னக்குழி 'டிம்பிள்', பரு 'பிம்பிள்'. ஓரெழுத்து மாறினால் பொருளே மாறிவிடும்.

இடது, வலது என்று சொல்லும்போது அவருடைய இடது, அவருடைய வலது. எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல.

முதியவர்களுக்கு நடையும் ஓர் அடையாளம். லேசாக நொண்டி நடந்தால் 'வாக்ஸ் வித் எ லிம்ப்', கூன் இருந்தால் 'ஹேஸ் எ ஸ்டூப்', கைத்தடி வைத்திருந்தால் 'யூசஸ் எ வாக்கிங் ஸ்டிக்'. 'லேம்', 'கிரிப்பிள்ட்' போன்றவை புண்படுத்தும் சொற்கள்.

பொட்டையும் திருநீற்றையும் சொல்லலாம். ஆனால் அவை அழிந்துபோகும். அவற்றோடு நிலையான ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வயது

சரியான வயது தெரிந்தால் எண்ணைச் சொல்லுங்கள். தெரியாதபோது பத்து வயதை மூன்றாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் கைகொடுக்கும். 70ஐக் கடந்தவர் 'இன் ஹர் ஏர்லி செவன்ட்டீஸ்', 75 வாக்கில் 'மிட்-செவன்ட்டீஸ்', 80ஐ நெருங்குபவர் 'லேட் செவன்ட்டீஸ்'.

'ஷி இஸ் 70 இயர்ஸ் ஓல்ட்' சரி. ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'எ 70-இயர்-ஓல்ட் வுமன்'. அங்கே 'இயர்ஸ்' வராது.

இடம் மாறினால் பொருள் மாறும்

சில சொற்களை நாம் ஒரு பொருளில் பயன்படுத்துவோம். கேட்பவர் வேறு பொருளில் எடுத்துக்கொள்வார்.

'ஸ்மார்ட்டா இருக்கார்' என்றால் தமிழில் பார்க்க நன்றாக இருக்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார் அல்லது புத்திசாலி. அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் புத்திசாலி மட்டும்தான்.

'ஹோம்லி' இன்னும் சிக்கல். திருமணப் பேச்சில் குடும்பப் பாங்கான பெண் என்று பாராட்டுவதற்குச் சொல்வோம். அமெரிக்க ஆங்கிலத்தில் அழகில்லாதவர் என்று பொருள். பாராட்டு என்று நினைத்து வெளிநாட்டு நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நேருக்கு நேர் பேசும்போது

"என்ன, இளைச்சுப் போயிட்டீங்க?" என்று தமிழில் கேட்பது அக்கறை. உறவினர் யாரும் தப்பாக நினைப்பது அரிது. அதையே அலுவலகத்தில் 'யூ ஹேவ் பிகம் வெரி தின்' என்றால் எதிரே இருப்பவர் சங்கடப்படுவார். 'யூ ஹேவ் புட் ஆன் வெயிட்' அதைவிடச் சங்கடம். 'யூ ஆர் லுக்கிங் வெல்' அல்லது வெறும் 'ஹவ் ஹேவ் யூ பீன்?' போதும்.

கூட்டத்தில் ஒருவரைக் காட்டவேண்டும் என்றால் உடம்பை விட்டுவிட்டு உடையைச் சொல்லுங்கள். 'த லேடி இன் த புளூ பிளவுஸ்' என்றால் அவர் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

காணாமற்போனவரை விவரிக்கும்போது

காவல்துறை வெளியிடும் அறிவிப்புகளைக் கவனித்தால், வயது, கடைசியாகக் காணப்பட்ட இடம், அணிந்திருந்த உடை ஆகியவை சுருக்கமாக இருக்கும். நீங்களும் அதேபோல் மேலிருந்து கீழாகச் சொன்னால் எதுவும் விடுபடாது: வயது, உயரம், உடல்வாகு, முடி, முகம், அடையாளம், உடை, காலணி. கடைசியாக, பேசும் மொழி.

ஒரு மாதிரி:

'ஹி இஸ் ஆன் இண்டியன் மேன் இன் ஹிஸ் லேட் செவன்ட்டீஸ், அபவுட் 1.7 மீட்டர்ஸ் டால், ஆஃப் ஸ்மால் பில்ட். ஹி ஹேஸ் ஷார்ட் கிரே ஹேர், எ ஒயிட் மஸ்டாஷ் அண்ட் எ ஸ்கார் ஆன் ஹிஸ் ரைட் எல்போ. ஹி வேர்ஸ் கிளாசஸ். ஹி வாஸ் வேரிங் எ செக்டு ஷர்ட், பிளாக் டிரவுசர்ஸ் அண்ட் பிரவுன் சாண்டல்ஸ். ஹி ஸ்பீக்ஸ் ஒன்லி தமிழ்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் கூப்பிட்டால் அவர் திரும்பாமல் போகலாம். தேடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முதுமை மறதி உள்ளவரோ சிறு பிள்ளையோ காணாமற்போனால் காத்திருக்காதீர்கள். அவசரத்துக்கு 999. தகவல் கொடுக்கக் காவல்துறை நேரடித் தொலைபேசி எண் 1800-255-0000. டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் 'காரா' செயலி வழியாகவும் காணாமற்போனவர் பற்றி மற்றப் பயனீட்டாளர்களுக்குத் தெரியப்படுத்தலாம்.

பதற்றத்தில் தெரிந்த வார்த்தையும் மறந்துபோகும். அதனால் இன்றே வீட்டில் உள்ள முதியவரைப் பற்றி ஐந்து வரி எழுதிக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். உயரம், முடி, மச்சம், நடை, மொழி ஆகியவை அதில் இருக்கட்டும். உடை மட்டும் தினமும் மாறும். வெளியே கிளம்பும்போது வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அதுவும் முடிந்தது.