சுவரோடு நகரும் எண்

கட்டட வரைபடத்தில் சுவரையும் கதவையும் படிக்கட்டையும் காட்டும் கோடுகளுக்கு அருகிலேயே, அவற்றை விளக்கும் எழுத்தும் எண்ணும் மிகப் பழங்காலந்தொட்டே இடம்பெற்று வந்துள்ளன. அறையின் பெயர், இரு முனைகளிலும் அம்புக்குறி தாங்கி நடுவே நீளத்தைச் சொல்லும் அளவுக்கோடு, பொருளொன்றைச் சுட்டி அதன் தன்மையை எழுதும் சுட்டுக்கோடு ஆகியவற்றைப் பொதுவாகக் குறிப்புகள் என்பர். வரையப்பட்ட கட்டடத்தை மனையின் வேறொரு மூலைக்கு நகர்த்தும்போது இக்குறிப்புகள் உடன் செல்லுமா, பின்தங்கி நிற்குமா என்பது இன்று வீட்டு வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வியாக இருப்பினும், கோடும் எண்ணும் ஒன்றையொன்று பிரிந்துவிடும் இடர் கணினிக்கு வெகுகாலம் முந்தியது.

அதற்கு மிகத் தெளிவான சான்று சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் உள்ளது. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து இணைத்து அதன்மேல் வரையப்பட்ட துறவி மட வரைபடம் அது. தேவாலயம், சமையற்கூடம், மருந்துத் தோட்டம், கோழிக்கொட்டில் என நாற்பதளவான கட்டடங்களும் அவற்றினூடே முன்னூறுக்கும் மேற்பட்ட இலத்தீன் குறிப்புகளும் அதில் உள்ளன. தேவாலயத்தின் நீளம் 200 அடி என்று ஒரு குறிப்பு கூறுகிறது. ஆனால் நடுக்கூடத்தின் அகலமாக எழுதப்பட்ட 40 அடியை அளவுகோலாகக் கொண்டு வரைந்த கோட்டை அளந்தால் நீளம் ஏறத்தாழ 300 அடி வருகிறது. பின்னர் எடுக்கப்பட்ட ஒரு முடிவு எழுத்தில் மட்டும் ஏறிக் கோட்டைத் தொடாமல் விட்டதன் விளைவே இம்முரண் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அதை ஏற்காதவரும் உண்டு. காரணம் எதுவாயினும், கோடு ஒன்றையும் எண் வேறொன்றையும் சொல்லும் ஏடு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது என்பது வரைபடக் கலையின் வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

19ஆம் நூற்றாண்டில் கஞ்சியேற்றிய மெல்லிய துணியிலும் டிரேசிங் தாளிலும் மசியால் வரைந்து நகலெடுக்கும் வழக்கம் பரவியபோது இந்த இடைவெளி தொழிலின் நடைமுறையாகவே ஆயிற்று. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இரும்பு உப்பு நகல்முறையிலிருந்து பிறந்த புளூபிரிண்ட்டுக்கு மூலமாக இருந்தது அந்த ஒளிபுகும் மூலப்படமே. ஆகையால் எந்தத் திருத்தமும் மூலப்படத்திலேயே நிகழவேண்டியிருந்தது. ஒரு சுவரை இரண்டடி தள்ளுவதற்கு, உலர்ந்த மசியைச் சவரத் தகட்டின் முனையால் மெல்லச் சுரண்டி, மேலெழுந்த இழையை வழவழப்பான பொருளால் தேய்த்து அமர்த்தி, புதுக்கோட்டை இழுத்து, அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வோர் அளவுக்கோட்டையும் எண்ணையும் தனித்தனியே மாற்றி எழுதவேண்டும். இவ்வுழைப்பைத் தவிர்க்க விரும்பிய வரைவாளர் சுவரை இருந்த இடத்திலேயே விட்டு எண்ணை மட்டும் மாற்றி, அந்த எண்ணின் கீழே ஒரு கோட்டை இடுவார்; படம் இங்கு அளவுக்கேற்ப இல்லை என்பதே அக்கோட்டின் பொருள். எழுதிய அளவே செல்லும், அளவுகோல் வைத்து அளந்த அளவு செல்லாது என்று கட்டட வரைபடங்களின் ஓரத்தில் இன்றும் இடம்பெறும் விதி இந்த உழைப்பின் சுமையையும் தன்னுள் தாங்கி நிற்கிறது.

எண்ணைக் கோட்டோடு பிணைக்க முடியும் என்பதை முதன்முதலில் செய்து காட்டியவர்களில் தலையாயவர் ஐவன் சதர்லாந்து. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாக அவர் உருவாக்கிய ஸ்கெச்பேட் என்னும் நிரல், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த வடிவங்களுக்கிடையேயான உறவுகளையும் நினைவில் வைத்திருந்தது. அதில் இரு புள்ளிகளுக்கு இடையே இட்ட அளவுக்கோடு அப்புள்ளிகளைச் சார்ந்ததாக இருந்தமையால், வடிவத்தை இழுத்து நீட்டும்போது அம்புகள் தாமே விலக, எண்ணும் தானே மாறியது. சவரத் தகட்டோடு வாழ்ந்த ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெரிய விடுதலையை எண்ணிப் பார்ப்பது கடினம்.

ஆயினும் அந்த விடுதலை மேசைக் கணினிக்கு உடனே வந்து சேரவில்லை. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் என்னும் வரைவு மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளில் அளவுக்கோடு என்பது சில கோடுகள், இரண்டு அம்புகள், ஓர் எழுத்துத் துணுக்கு என்ற உதிரிகளின் கூட்டமாகவே இருந்தது. 1987இல் வந்த 2.6ஆம் பதிப்பு அதை ஒரே பொருளாக்கி, எந்த இரு இடங்களுக்கு இடைப்பட்ட தொலைவு என்பதைக் குறிக்கும் வரையறைப் புள்ளிகளையும் அதனுள் வைத்தது. அச்சில் விழாத தனி அடுக்கொன்றில் கிடந்த அப்புள்ளிகள் சுவரின் மூலையில் அமர்ந்திருந்தனவேயன்றி, சுவரோடு கட்டுண்டிருக்கவில்லை. எனவே சுவரை இழுப்பவர் தேர்வுச் சட்டத்துக்குள் அப்புள்ளியும் அகப்படுமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று தப்பினாலும் சுவர் போய்விடும், எண் பழையதாகவே நிற்கும். பொருளோடே பிணைந்த அளவுக்கோடு அந்த மென்பொருளுக்கு 2001இல் வெளியான ஆட்டோகேட் 2002 பதிப்பில்தான் வந்தது. அதற்கு ஓராண்டு முன் வெளிவந்த ரெவிட் என்னும் கட்டட வடிவமைப்பு மென்பொருள் தொடக்கத்திலிருந்தே சுவரைச் சுவராக அறிந்திருந்தமையால், அங்கு சுவரை அழித்தால் அதன் அளவுக்கோடும் அழிகிறது.

இல்லத்தாரும் சிறு ஒப்பந்தக்காரரும் கையாளும் வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களில் இந்த வரலாற்றின் எல்லாக் கட்டங்களும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. திறந்த மூல மென்பொருளான ஸ்வீட் ஹோம் 3டியில் அளவுக்கோடு சுவரைச் சாராத தனிப்பொருள். சுவரை மட்டும் நகர்த்தினால் அளவுக்கோடு அசையாது. கீழ்த்தளத்தில் உள்ள அனைத்தையும் தேர்ந்து நகர்த்தினாலும் மேல்தளம் பழைய இடத்திலேயே நின்றுவிடும் என்பதால், எல்லாத் தளங்களிலும் உள்ளவற்றை ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் கட்டளை தனியே வைக்கப்பட்டுள்ளது. பிணைப்பு வலுவான மென்பொருள்களிலும், விரல்களால் தட்டி எழுதிய வாசகம் எதனோடும் பிணையாத வெறும் எழுத்தாகவே இருக்கிறது.

எல்லாவற்றையும் பிணைத்துவிடுவதும் தீர்வாகாது. ஏனெனில் ஒரு மனைப்படத்தில் உள்ள குறிப்புகள் அனைத்தும் கட்டடத்துக்கு உரியவையல்ல. அறைப்பெயரும் சாளர எண்ணும் வீட்டோடு செல்லவேண்டியவை. எல்லைக்கல்லின் எண், சாலையின் அகலம், வடதிசைக் குறி ஆகியவை நிலத்துக்கு உரியவையாதலால் நகரவே கூடாதவை. நெடுங்காலம் எல்லாக் குறிப்புகளையும் ஒரே அடுக்கில் போட்டுவைத்த பழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்தது; நிலத்துக்கு ஓர் அடுக்கும் கட்டடத்துக்கு ஓர் அடுக்கும் என முதலிலேயே பிரித்து, நிலத்தின் அடுக்கைப் பூட்டிவைப்பவரின் படமே நகர்த்தலைத் தாங்கி நிற்கிறது. இவ்விரண்டிலும் சேராத குறிப்பு ஒன்று எஞ்சுகிறது: எல்லைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே விதிப்படி விடவேண்டிய திறந்தவெளியின் அளவு. வீடு கிழக்கே மூன்றடி நகர்ந்தால், அந்த அளவுக்கோட்டின் ஒரு முனை எல்லையிலேயே ஊன்றி நிற்க, மறுமுனை சுவரோடு செல்ல, 8 என்றிருந்த எண் கிழக்குப் பக்கம் 5 ஆகவும், மேற்குப் பக்கம் 11 ஆகவும் மாறவேண்டும். அனுமதி வழங்கும் அலுவலர் படத்தில் முதலில் தேடிப் பார்ப்பவையும் அந்த இரண்டு எண்களே.