ஊரினரும் குடியிருப்போரும்
ஏதென்ஸ் நகரின் அயலார் வரி

அயல்நாட்டில் தனித்தொழில் செய்து பிழைக்கச் செல்பவன் அங்கே தன் பெயரைப் பதிய வேண்டும். வரி செலுத்த வேண்டும். செய்த வேலைக்குக் கணக்குக் காட்டிக் கூலி பெற வேண்டும். இவை இக்கால அரசாங்கங்கள் கண்ட புதுமைகள் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் இம்மூன்றும் நடைமுறையில் இருந்தன. தமிழாசிரியர்களாகிய நாம் அவ்வரலாற்றை அறிந்து கொள்வது நலம்.

கி.மு. 451-ல் பெரிக்ளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராய் இருந்தாலன்றி மகனுக்குக் குடியுரிமை இல்லை என்பது அச்சட்டம். ஆனால் நகருக்கோ கைவினைஞரும் வணிகரும் வேண்டியிருந்தது. ஆகவே வெளியூர்களிலிருந்து வந்து தங்கியவர்களை 'மெட்டிக்' என்று ஒரு தனி வகுப்பாக வைத்தனர். இவர்களை நாம் உடனுறை அயலார் எனலாம்.

இவ்வகுப்பினர் தமக்குப் பொறுப்பாளராக ஏதென்ஸ் குடிமகன் ஒருவரைக் காட்ட வேண்டும். தாம் வாழும் வட்டாரத்தின் பெயரோடு தம் பெயரைப் பதிய வேண்டும். ஆடவர் ஆண்டுக்கு 12 திராக்மாவும், தனித்து வாழும் பெண்டிர் 6 திராக்மாவும் தலைவரியாகச் செலுத்தினர். அக்காலத்தில் தேர்ந்த தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஒரு திராக்மா. எனவே ஆண்டில் பன்னிரண்டு நாள் உழைப்பு வரிக்கே போயிற்று. சந்தையில் கடை வைத்தால் அதற்கு வேறு கட்டணம் உண்டு. போர் வந்தால் படையிலும் சேர வேண்டும். இவ்வளவு செய்தும் நிலமோ வீடோ சொந்தமாக வாங்க இயலாது; அதற்குத் தனிச்சலுகை பெற வேண்டும். வரி கட்டத் தவறியவனை அடிமையாக விற்றுவிடவும் சட்டம் இடந்தந்தது.

இனி, கணக்கைப் பார்ப்போம். அக்ரோபோலிஸ் குன்றின்மேல் எரெக்தியோன் என்னும் கோயில் உண்டு. அதன் வேலை முடிவுற்ற காலத்துச் செலவுக் கணக்குகளைக் கல்லில் பொறித்து ஊரார் காண வைத்தனர். கி.மு. 409-ஐ ஒட்டிய அக்கற்களின் துண்டுகள் இன்றும் உள்ளன. கெபிசியா ஊரினரான பைரோமாக்கஸ் சிற்பம் ஒன்று செய்தார்; 60 திராக்மா பெற்றார். மெலிடேயில் குடியிருப்பவரான பிராக்சியாஸ் ஒரு குதிரையையும் அதன் பின்னே நிற்கும் ஆளையும் செதுக்கினார். 120 திராக்மா பெற்றார். உருவம் ஒன்றுக்கு 60 என்பதே இருவர்க்கும் விலை. முன்னவர் குடிமகன், பின்னவர் அயலார். எழுத்தில் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒருவர் 'ஊரினர்', மற்றவர் 'குடியிருப்பவர்'.

அக்கணக்குகளில் எந்நிலையினர் என்று அறியக்கூடிய தொழிலாளர் 86 பேர். அவருள் குடிமக்கள் 24 பேர், அயலார் 42 பேர், அடிமைகள் 20 பேர். நாட்கூலியில் வேறுபாடு இல்லை. அடிமையின் கூலி பெரும்பாலும் அவன் ஆண்டானையே சேர்ந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் உலகம் வியக்கும் அக்கோயிலைக் கட்டியவருள் பாதிப்பேர் அயலார் என்பதற்கு அக்கணக்கே சான்று.

கூலியில் சமம், வாழ்விலும் சமமோ? லிசியாஸ் என்பாரின் வரலாறு அதற்கு விடை கூறும். அவர் தந்தை கெபாலஸ் சிரக்கியூசிலிருந்து வந்து குடியேறியவர். பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் உரையாடல் நிகழ்வது இக்குடும்பத்தாரின் இல்லத்திலேதான். கேடயம் செய்யும் பட்டறை வைத்து அவர்கள் செல்வராயினர். கி.மு. 404-ல் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர், பொருள் பறிக்கும் நோக்கத்தோடு அயலார் பத்துப் பேரைப் பிடிக்க முடிவு செய்தனர். பொருளாசை வெளித்தெரியாதிருக்க அப்பத்தில் இரண்டு ஏழைகளையும் சேர்த்துக் கொண்டனர். லிசியாஸ் தப்பினார். அண்ணன் போலமார்க்கஸ் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் காதிலிருந்த பொன் தோட்டையும் விட்டார்களில்லை.

பின்னர் மக்களாட்சியை மீட்கப் போரிட்டவர்க்கு லிசியாஸ் பணமும் கேடயங்களும் தந்து உதவினார். நன்றியாக அவருக்குக் குடியுரிமை வழங்கத் திராசிபூலஸ் முன்மொழிந்தார். முறைப்படி வரவில்லை என்ற காரணங்காட்டி அது தள்ளப்பட்டது. அயலார் வரியின்றிக் குடிமக்களைப் போலவே வரி செலுத்தும் உரிமை மட்டுமே அவருக்கு எஞ்சியது. வழக்காடுவோர்க்குக் கூலிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்து, தனித்தொழிலாளராகவே அவர் காலங்கழித்தார். இன்று கிரேக்க உரைநடைக்கு இலக்கணமாக அவர் எழுத்தைப் படிக்கிறார்கள்.

பிளேட்டோவின் கல்விக்கழகத்துக்குத் தலைவராய் இருந்த செனோகிரடீஸும் அயலாரே. வரி பாக்கிக்காக அவரைத் தண்டற்காரன் இழுத்துச் சென்றபோது, லிகர்கஸ் என்னும் தலைவர் அவனைக் கோலால் அடித்து அவரை மீட்டார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். எல்லா அயலார்க்கும் ஒரு லிகர்கஸ் கிடைப்பாரோ?

செனபோன் என்னும் அறிஞர் கி.மு. 355-ஐ ஒட்டி எழுதிய வருவாய் பற்றிய நூலில் நல்வழி ஒன்று காட்டினார். அயலார் வரி நகருக்குச் சிறந்த வருவாய். ஆதலின் அவர்கள்மீதுள்ள இழிவான கட்டுப்பாடுகளை நீக்குக, தகுதியுடையோர் வீடு கட்ட இடந்தருக, அவர்கள் நலங்காக்க அதிகாரிகளை அமர்த்துக என்றார். அறத்தால் செய்யாவிடினும் வருவாய்க்காகவேனும் செய்யலாம் என்பது அவர் கருத்துப்போலும்.

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணியார் செக்ரோல் பார்த்துப் பெயர் கூப்பிட்ட காலத்தை நம்மில் மூத்தோர் அறிவர். அந்த ஏட்டில் பெயர் இருந்தால் அன்றைய கூலி உண்டு, விடுபட்டால் இல்லை. நம் மாணவருள் சிலர் நாளை அயல்நாடுகளில் தனித்தொழில் செய்யக் கூடும். பெயரை முறையாகப் பதிவு செய்யவும், செய்த வேலையைத் தேதியும் தொகையும் இட்டு எழுதி வைக்கவும் அவர்களுக்குப் பழக்க வேண்டியது நம் கடன். பிராக்சியாஸின் முகம் நமக்குத் தெரியாது. அவர் ஒரு குதிரையும் ஓர் ஆளும் செதுக்கினார் என்பது தெரியும். அக்கணக்கை எழுதியவர்கள் அவரை 'ஊரினர்' என்று எழுதவில்லையே என்பதும் தெரியும். இவ்விரண்டையும் சேர்த்தே வகுப்பில் சொல்லிக் கொடுப்போமாக.