அச்சுக்கூடத்துக்குப் பூட்டு

திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பழைய ராஜபாதை நம் நாஞ்சில் நாட்டை ஊடுருவி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே செல்கிறது. அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பத்திரிகாசிரியரின் நினைவு வரும்.

நாம் திருவிதாங்கூரின் பிரஜைகளாக இருந்த காலம். 1905-இல் வக்கம் அப்துல் காதர் மௌலவி 'சுதேசாபிமானி' என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு வருஷம் நெய்யாற்றின்கரை ராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். எழுத்தில் மௌலவி தலையிடவில்லை. பிள்ளையும் அந்தச் சுதந்திரத்தை வீணாக்கவில்லை. திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை இதழுக்கு இதழ் தோலுரித்தார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவர் எழுத்தில் தனிமனித நிந்தையும் உண்டு. புலையர் குழந்தைகளைப் பள்ளியில் மற்றவர்களோடு ஒன்றாக உட்கார வைப்பதை எதிர்த்து 1910-இல் அவர் எழுதியதைப் படித்தால் மனம் கூசும். ஆனால் சர்க்காருக்குக் கோபம் வந்தது அதற்காக அல்ல, திவானைத் தொட்டதற்காக.

1910 செப்டம்பர் 26-ஆம் தேதி அச்சுக்கூடம் பூட்டப்பட்டது. யந்திரம் பறிமுதலாயிற்று. விசாரணை எதுவும் இல்லாமல், ராஜ கட்டளை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, ஆசிரியரைத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தினார்கள். ஊர் திரும்பாமலே 1916-இல் கண்ணூரில் அவர் காலமானார்.

ராஜாவும் திவானும் போய்விட்டார்கள். 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பூட்டு மட்டும் போகவில்லை.

2018 மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீசார் சுட்டார்கள். அடுத்தடுத்து 13 பேர் மாண்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாட்களுக்கு நிறுத்த உத்தரவாயிற்று. துப்பாக்கி வெடித்தது தூத்துக்குடியில், வாயடைக்கப்பட்டது நமக்கும். மற்ற இரு மாவட்டங்களில் எதற்கு என்று உயர்நீதிமன்றமே கேட்க வேண்டியதாயிற்று.

வதந்தி பரவும் என்றார்கள். பரவும்தான். ஆனால் வதந்தியைத் தடுத்த அதே கை உண்மையையும் தடுத்தது. செய்தி கிடைக்காத இடத்தில் வதந்திக்குத்தானே விளைச்சல் அதிகம்?

திவான் ஒரு பத்திரிகையைப் படித்துப் பார்த்து, அதைப் பூட்டினார். இன்றைய உத்தரவு எதையும் படிப்பதில்லை. வதந்தி பரப்புகிறவன், மகனுக்குச் சேதி அனுப்பும் தாய், கடைக்குச் சரக்குக் கேட்கும் வியாபாரி எல்லோரையும் ஒரே பூட்டில் அடைக்கிறது.

2020 ஜனவரி 10-ஆம் தேதி, காஷ்மீர் வழக்கில், காலவரையின்றி இணையத்தை நிறுத்தலாகாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட்டே ஆகவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிற்று. நல்ல தீர்ப்பு. உத்தரவைக் கேட்டு வாங்கிப் படிக்க நமக்கும் பொறுப்பு இருக்கிறது.

சுதேசாபிமானியின் யந்திரத்தை ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் கேரள சர்க்கார் மௌலவியின் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் அதில் அச்சேற எழுதியவர் மண்ணாகி நாற்பது வருஷங்களுக்கு மேலாகியிருந்தது.